திங்கட்கிழமைக்குள் ஒரு பாட்டு

வீட்டிலேயே பாட்டு பதிவு செய்கிறவளுக்கு எதிரி பாடகர் அல்ல, அக்கம்பக்கம். மியூசிக் வீடியோக்காரர்களுக்காக மேனாம்பேட்டில் என் படுக்கையறையிலேயே குரல் பதிவு செய்து தருகிறேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்குப் பல்லைக் கடிக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

பீரோ

ஆவடி ஆட்டோக்காரர் சேகர், கானா பாடுகிறவர், ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். தொண்டையில் புற்றுநோய். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். மகள் கல்யாணத்தில் போட, தானே பாடி நடித்த வீடியோ வேண்டுமாம். படத்தைப் பிறகு எடுக்கலாம், பாட்டை எடுக்க முடியாதே!

எதிரொலி அடங்க, பீரோவைத் திறந்துவைத்துப் புடவைகளைப் பார்த்துப் பாடச் சொன்னேன். சேகர் சிரித்தார்.

"இன்னாக்கா, கடைசிப் பாட்டு ஜனத்தப் பாத்து பாடலாம்னு வந்தா, பொடவையப் பாத்து பாட வுட்றியே!"

மேல்வீடு

சனிக்கிழமை முழுக்க இருமினார். இருமாத வரிகளில் மேல்வீட்டில் டைல்ஸ் அறுத்தார்கள். புதிதாக வந்த ஐ.டி. தம்பதி. மாடியேறி, ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லி, கான்வென்ட்டில் கற்ற மரியாதை மொத்தத்தையும் செலவழித்துக் கெஞ்சினேன். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டான்.

"புரியுது ஆண்ட்டி. அவர் அடுத்த வாரம் வந்து பாடலாமே?"

ஞாயிறு

டைல்ஸ்காரர்களுக்கு லீவு. ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணைத்தேன். வியர்வை சொட்டச் சொட்ட ஒரே மூச்சில் பாடினார் மனிதர். இருமல் எங்கே போனதோ! கடைசி வரியில் மட்டும் குரல் பிசிறியது. பழக்கதோஷம், "இன்னொரு தரம்" என்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்துவிட்டார்.

"வுட்ருங்க மேடம். இருந்தத கொடுத்துட்டாரு."

நூம்பல்

தையல் ஆறிய பிறகு நூம்பலில் ஒரு காலி மனையில் ஷூட்டிங். மூச்சுவிட டாக்டர்கள் போட்ட கழுத்துத் துளை தெரியாமல் துண்டு சுற்றியிருந்தார் சேகர். ஸ்பீக்கரில் அவர் பாட்டு, அவர் வாயசைத்தார். கேமராவுக்கு முன்னால் நிஜமாகவே உரக்கப் பாடினால்தான் உதடு பாட்டோடு ஒட்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். சேகருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான், மாப்பிள்ளை பிடித்து வந்த கேமராக்காரருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மகள் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் கத்திவிட்டார்.

"நைனா, சும்மா வாய அசைக்காத! சத்தமா பாடு, அந்தத் துண்ட எடு, கழுத்து நரம்பு தெரியணும்!"

எந்த மைக் வாங்கலாம் என்று கேட்டு எனக்கு இன்னமும் ஃபோன் வருகிறது. குரல் இருக்கும்போதே வந்து பாடுங்கள், மைக் எதுவானாலும் சமாளித்துக்கொள்ளலாம்.