இரவலா, சீதனமா

தெரிந்ததைச் சொல்லாமல் இருந்ததும் தவறு, பிறகு அதைச் சொன்னதும் தவறு என்று ஒருத்தியின் வாழ்க்கை அமையுமா? அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த நாட்களில், வட கரோலைனாவில் பெல்ஃபோர்ட் சிறைக்காவலரின் மனைவியாக இருந்த கெசியா பர்டனை நினைத்தால் இந்தக் கேள்வியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவளைக் கெட்டவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனாள். கைதிகளுக்கு வேகாத சோள ரொட்டியைக் கொடுத்ததில்லை. ஒருவரை நல்லவர் என்று சொல்ல எங்கள் ஊருக்கு அன்றைக்கு இவ்வளவு போதுமாக இருந்தது.

வழக்கு இதுதான். கிழவர் அவரெட் தன் மகளை ப்ரூயிட் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தபோது, மணமகள் ஏறிய வண்டியோடு மினெர்வா என்ற அடிமைப் பெண்ணையும் அனுப்பினார். வசதியுள்ள வீடுகளில் நடப்பதுதான். தகப்பன் வண்டியருகே நின்று ஒரு வார்த்தை சொல்வான். ‘உனக்கே’ என்றால் சீதனம், ‘வைத்திரு’ என்றால் இரவல். யாரும் எழுதி வாங்குவதில்லை. சில வருஷங்களில் மகள் பிரசவத்தில் இறந்தாள், பின்னாலேயே கிழவரும் போனார். அதற்குள் மினெர்வாவுக்கு ரோடா என்று ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. ப்ரூயிட் சீதனம் என்றான். கிழவரின் இரண்டு மகன்களும் இரவல் என்றார்கள். வழக்கு முடியும்வரை தாயையும் பிள்ளையையும் ஷெரிஃப் தன் பொறுப்பில் எடுத்து, சிறைக்காவலர் வீட்டுச் சமையலறையில் கொண்டுவந்து விட்டார்.

சீதனம் என்று தீர்ப்பானால், கடனில் முழுகியிருந்த ப்ரூயிட் இருவரையும் தெற்கே போகும் வியாபாரியிடம் விற்றுவிடுவான். தாயையும் பிள்ளையையும் சேர்த்து விற்கும் வழக்கம் வியாபாரிக்குக் கிடையாது. இரவல் என்று தீர்ப்பானால், மகன்கள் ஆளுக்கு ஒருவராகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தீர்ப்பே வராத வரைக்கும்தான் அவர்கள் இருவரும் ஒரு கூரையின் கீழ்.

தீர்ப்பும் வரவில்லை. வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை நீதிபதி ஊருக்கு வருவார். ப்ரூயிட்டின் உறவுக்காரர்கள் ஒன்றைச் சத்தியம் செய்வார்கள், அவரெட்டின் உறவுக்காரர்கள் அதற்கு நேர் எதிரானதைச் சத்தியம் செய்வார்கள். ஜூரிகள் ஒத்துப்போகாமல் எழுந்துவிடுவார்கள். கிழவர் பேசியபோது மினெர்வா அவர் பக்கத்திலேயே நின்றாள். ஆனால் வெள்ளைக்காரர்களின் வழக்கில் அடிமையின் சாட்சி செல்லாது. ஆகவே நடந்ததைத் தெளிவாக அறிந்த ஒருத்தியிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கெசியாவுக்கும் தெரியும். கல்யாணத்தன்று அவரெட் வீட்டுக்கு உதவப் போயிருந்த அவள் வண்டியின் கூடாரத்துக்குள் மெத்தை விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கிழவர் சொன்னது துணிக்கு வெளியே, அவள் காதுக்கு ஒரு முழ தூரத்தில். கணவர் லெமுவேலிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. சொன்னால் வழக்கு முடியும், முடிந்தால் மினெர்வா போய்விடுவாள். கெசியாவின் விரல் மூட்டுகள் வீங்கி, மாவு பிசைய முடியாமல் போயிருந்தது. உண்மையான காரணம் அவ்வளவு சின்னது.

வழக்கு நாட்களில் வக்கீல்களும் ஜூரிகளும் அவள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். மினெர்வா பன்றித் தொடைக் கறியும், மோர் விட்டுப் பிசைந்து சுட்ட மெத்தென்ற ‘பிஸ்கட்’ ரொட்டியும் கொண்டுவந்து வைப்பாள். ப்ரூயிட்டின் வக்கீல் டில்லார்ட், காலையில் எந்தப் பெண்ணின் விலைமதிப்பைப் பற்றி வாதாடினாரோ அவள் கையாலேயே வாங்கிச் சாப்பிடுவார்.

“பர்டன், உனக்கு யோகம்தான்யா. சண்டை அவங்களுக்கு, சாப்பாடு உனக்கு!”

“நீங்க மட்டும் என்ன, பட்டினியாவா இருக்கீங்க வக்கீலய்யா? மூணாவது பிஸ்கட் போகுது” என்றார் லெமுவேல்.

“அதான் ஜூரி ஒத்துப்போக மாட்டேங்குது” என்றான் ஜூரியில் இருந்த மாவு மில்காரன். “ஒத்துப்போனா அடுத்த தடவை யார்யா நமக்கு இப்படிப் போடுவா?”

மேஜை அதிரச் சிரித்தார்கள். கெசியாவும் சிரித்தாள். மினெர்வா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒத்திவைப்புச் செய்தி வரும் நாட்களில் கெசியா சமையலறைக்கு ஓடிப்போய், “தள்ளிப் போட்டாச்சுடி!” என்பாள். மினெர்வா முகத்தில் நிஜமாகவே வெளிச்சம் வரும். இரண்டு பேரும் ஒன்றாகச் சந்தோஷப்பட்டார்கள். தன்னை விட்டுப் போக அவளுக்கும் மனமில்லை என்று கெசியா எடுத்துக்கொண்டாள்.

ஒரு கோடை மத்தியானம் இருவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். ரோடா வாசற்படியில் கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள். கெசியாவுக்குத் தன் நல்ல மனதை யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது.

“மினெர்வா, உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் மூச்சு விடாதே. கிழவர் அன்னைக்குச் சொன்னதை நான் கேட்டேன். உனக்காகத்தான் இத்தனை நாளா வாயைத் திறக்காம இருக்கேன்.”

மினெர்வா பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“நீங்க வண்டிக்குள்ள இருந்தது. கூடாரத்துக்குக் கீழ உங்க பாவாடை ஓரம் தெரிஞ்சுது. பச்சைக் கட்டம் போட்டது.”

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம் ஒண்ணும் கேக்காம இருந்தே?”

“கேட்டா என்னம்மா சொல்லியிருப்பீங்க?” அவள் குரலில் கோபம் இல்லை. “வந்த அன்னைக்கே நினைச்சேன், இந்த அம்மா வாயைத் திறந்தா என் பிள்ளை போச்சுன்னு. உங்களுக்கு என்ன பிடிக்கும்னு பாத்தேன். பிஸ்கட் மெதுவா இருக்கணும், காபி கெட்டியா இருக்கணும். நீங்க சிரிச்சா நானும் சிரிச்சேன்.”

கெசியாவின் கை நின்றுவிட்டது. “அப்போ நீ என் மேல வச்ச பிரியம்...?”

“நீங்க கெட்டவங்க இல்லம்மா” என்றாள் மினெர்வா. பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “ஆனா இந்த நாற்காலியில யாரு உக்காந்திருந்தாலும் நான் அப்படித்தான் ஆக்கிப் போட்டிருப்பேன்.”

கெசியா எழுந்து உள்ளே போனாள். பிரியம் என்று நினைத்தது பயம் என்பது ஒரு அடி. அதைவிடப் பெரிய அடி, அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று தான் ஒரு நாளாவது யோசித்திருக்கிறோமா என்று தேடிப் பார்த்தபோது கிடைத்தது. தேடினாள், ஒரு நாள்கூட அகப்படவில்லை. விரல்களைப் பற்றி யோசித்திருந்தாள். பிஸ்கட்டைப் பற்றி யோசித்திருந்தாள். அதற்குப் பிறகும் மினெர்வா முன்போலவே சிரித்தாள், காபி முன்போலவே கெட்டியாக இருந்தது. இப்போது ஒவ்வொரு வாயும் எதற்காக ஊட்டப்படுகிறது என்று தெரிந்து விழுங்க வேண்டியிருந்தது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் மினெர்வா மூத்த மகனின் பங்காக அலபாமாவுக்குப் போனாள். ரோடா இளைய மகன் வீட்டில் தொட்டில் ஆட்ட வைக்கப்பட்டாள். அவர்கள் மறுபடி சந்தித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஊரில் நாங்கள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. வழக்கு ஒருவழியாக முடிந்ததே என்றுதான் பேசினோம்.

அந்த இலையுதிர் காலத்தில் கெசியாவை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அழைக்க யாருக்கும் தோன்றியிருக்கவும் முடியாது. இந்தத் தடவையும் ஜூரி ஒத்துப்போகப் போவதில்லை, மதியத்துக்குள் ஒத்திவைத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் மாவு படிந்த ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவிலிருந்த முற்றத்தைக் கடந்து உள்ளே வந்தாள். அன்று காலை மாவு பிசைந்தது அவளேதான்.

“என்னடி, இங்க எதுக்கு வந்தே? வீட்ல ஏதாவது ஆயிடுச்சா?” என்று லெமுவேல் வாசலில் மறித்தார்.

அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் போய், தான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்றாள். மினெர்வா வராந்தா ஜன்னலுக்கு வெளியே, ரோடாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். கெசியா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பைபிளின் மேல் கையை வைத்தாள்.

“‘உனக்குப் பொறக்கிற பிள்ளைங்க வளர்ற வரைக்கும் வச்சிரும்மா, அப்புறம் திருப்பி அனுப்பிடு’ன்னு கிழவர் மகள்கிட்ட சொன்னார். நான் வண்டிக்குள்ள இருந்தேன்.”

டில்லார்ட் துள்ளி எழுந்தார். “இத்தனை வருஷமா இதை ஏம்மா சொல்லல? இன்னைக்கு மட்டும் ஏன் சொல்றீங்க?”

நீதிபதியும் காத்திருந்தார். பின்னாளில் கணவர் கேட்டார், போதகர் கேட்டார். கெசியா சாகக் கிடந்தபோது அவள் தங்கையும் கேட்டாள். கெசியா ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை.