எனக்கு மேலே எட்டுப் பேர்

நேற்று வெள்ளவத்தைத் தபால்கந்தோரில் கடிதம் ஒட்டப் பசைப் போத்தலைத் திறந்தேன். அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், வெள்ளைக்காரன் காலத்து நகரசபை ஒன்றின் அறிவித்தல் பலகைக்கு முன்னால் நிற்கிறேன். அங்கேயும் இதே பசைதான்.

சோதனையில் தேறிய கிளாக்கர்மாரின் பேர்ப்பட்டியலை அதில் ஒட்டியிருந்தார்கள். வெற்றிடம் வர வர மேலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். ஒரு வருடம் போனால் பட்டியல் செத்துவிடும்; மிச்சப் பேர் திரும்பவும் சோதனை எழுத வேண்டியதுதான். எட்டாவது செல்லத்துரை, ஒன்பதாவது நான். கொட்டாஞ்சேனையில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே சவர்க்காரம். "லிஸ்டிலை நிக்கிற பெடியன்" என்றால் ஊரில் சீதனப் பேச்சும் ஒரு படி ஏறும், அதையும் மறைப்பானேன்.

ஏழு பேர் உள்ளே போய்விட்டார்கள். பட்டியலுக்கு மிச்ச ஆயுள் ஒரு மாதம். பென்சன் வயது வந்த ஒரு கிழக் கிளாக்கரைத்தான் நம்பியிருந்தோம். வாழைப்பழச் சீப்போடு சுகம் விசாரிக்கப் போனோம்.

"நான் எப்ப போவன் எண்டு பாக்கத்தானே வந்தனீங்கள்?" என்றார். பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒருவழியாக அவர் பென்சன் எடுத்தார். கடிதம் செல்லத்துரைக்கு வந்தது. அவனோ பெண் பார்க்க யாழ்ப்பாணம் போயிருந்தான். மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்து வைக்காவிட்டால் வேலை அடுத்த பேருக்கு. அடுத்த பேர் யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை.

கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்து ஒரு பகல் முழுக்க அதன்மேல் படுத்துக் கிடந்தேன். காய்ச்சல் என்று எனக்கே பொய் சொன்னேன். மறுநாள் வெட்கம் பிடுங்கித் தின்ன, ஓடிப்போய்த் தந்தி அடித்தேன்.

மூன்றாம் நாள் காலை மெயில் றெயிலில் வந்து இறங்கினான். உள்ளதைச் சொன்னேன்.

"ஒரு நாள்தானே? நானெண்டா மூண்டு நாளும் படுத்திருப்பன்" என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்கு ஓடினான்.

மாதம் முடிய, செத்த பட்டியலைச் சுரண்டி எடுக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. என் பேர் இருந்த துண்டைக் கிழியாமல் கொண்டுவந்து நீட்டினான். "வைச்சிரடா, கவண்மேந்து உன்ர பேரை ரைப் அடிச்சது இது ஒண்டுதான்." சிரித்தேன். வயிறு எரிந்தது. இன்னொரு சோதனை எழுதி வேறொரு சபைக்குள் நுழைய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அந்தக் கந்தோர் இருந்த இடத்தில் இன்று துணிக்கடை. எங்கள் அறையையும் இடித்துவிட்டார்கள். போன மாசியில் செல்லத்துரையைக் கனத்தைச் சுடலைக்குக் கொண்டுபோனோம். அந்த எட்டுப் பேரில் அவன்தான் மிஞ்சியிருந்தவன். இப்போது எனக்கு மேலே ஒருவருமில்லை.