கொலைகாரனை மாற்றிய வில்மா

எங்கள் விஸ்கான்சின் ஊர் டி.வி. நிலையத்தில் ஃபோன் எடுப்பவள் வில்மா டாலெஃப்சன். 1953இல் ஊர் ஊருக்கு நிகழ்ச்சி அனுப்பிய நாலு நெட்வொர்க்குகளில் எங்களுடையதுதான் பரம ஏழை. நாடகங்களைப் பிலிம் சுருளாகப் பஸ்ஸில் போட்டு அனுப்பும்.

ஒரு வியாழக்கிழமை துப்பறியும் நாடகம் ஓடும்போது பார்த்தால் கடைசிச் சுருளைக் காணோம். வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. மேனேஜர் ஹாஸ் ஃபோன் மேஜைக்கு ஓடி வந்தார்.

"வில்மா, கேமரா முன்னாடி போய் உட்காரும்மா. எதையாவது சொல்லு!"

கடித்த சாண்ட்விச்சோடு போய் உட்கார்ந்தாள். கேமராவை இயக்கியது நான்.

"கொன்னது அந்தக் கதையில வர்ற பல் டாக்டர்தாங்க. மூஞ்சியப் பார்த்தாலே தெரியல? நம்ம ஊர் டாக்டரும் அப்படித்தான், வலிக்காதுன்னு சொல்லிட்டே பிடுங்குவாரு!"

பத்தே நிமிடத்தில் அந்தக் கதை டாக்டரை வாய்ப்பேச்சிலேயே உறைந்த ஏரிமேல் துரத்தி, பல் பிடுங்கும் குறடும் கையுமாகப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் சுருள் வந்தது. போட்டோம். அதில் கொலைகாரன் தோட்டக்காரன். ஃபோன் அலறியது.

"உங்க நெட்வொர்க்குக்கு அறிவிருக்கா? டாக்டரைத்தான் நேத்தே பிடிச்சாச்சே! பாவம், அந்தத் தோட்டக்காரனை ஏன்யா இழுக்குறீங்க?"

அதற்குப் பிறகு கடைசிச் சுருள் வந்தாலும் ஹாஸ் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை; முடிவை வாராவாரம் வில்மாதான் சொன்னாள்.

சில வருடங்களில் நெட்வொர்க்கை இழுத்து மூடினார்கள். நாடகம் எங்கே என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வியாழன்தோறும் வில்மா முழுக் கதையையும் தானே சொன்னாள்; கொலைகாரன் எப்போதும் பல் டாக்டர்தான். அவள் காய்ச்சலில் படுத்த வியாழனன்றுதான் நிலையத்து வாசலில் கூட்டம் கூடியது. முன்னால் நின்று கத்தியவர் எங்கள் ஊர்ப் பல் டாக்டர்.

"இந்த வாரம் நான் யாரைக் கொன்னேன்னு சொல்லுங்கய்யா!"