எக்ஸ்ரேயில் தெரிந்த நிழல்

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையைக் கொழும்பில் முடித்துவிட்டு நானும் கணவரும் மகளும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வவுனியாவைத் தாண்டிய பிறகு பஸ்ஸுக்குள் என்னுடைய போன் அடித்தது. பரிசோதனை செய்த கிளினிக்கிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"மிஸ், உங்கட எக்ஸ்ரேயை இன்னொருக்கா எடுக்கவேணும். நீங்க மட்டும் வந்தாப் போதும்."

"ஏன், என்ன பிரச்சினை?"

"டொக்டர் நேரில சொல்லுவார்."

மகள் என் மடியில் தலைவைத்து நித்திரையாகிக் கிடந்தாள். என் மூச்சு அவளுடைய முகத்தில் படுகிறதே என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தேன். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஆரப்பா?" என்று கணவர் கேட்டார்.

"எக்ஸ்ரே சரியா விழேல்லையாம். நான் திரும்பப் போகவேணும்."

அவர் தலையாட்டினார். நான் தாதியாக வேலை செய்கிறவள். மூன்று பேரில் ஒருவரை மட்டும் ஏன் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் பஸ் பயணத்தில் கொஞ்சமாவது கண்ணை மூடியிருப்பேன்.

எங்கள் வீடு புங்குடுதீவில், மடத்துவெளியில். எனக்கு வேலை நெடுந்தீவு ஆஸ்பத்திரியில். எங்கள் தீவின் துறையான குறிகட்டுவானில் படகு ஏறினால் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலக் கடல். சில நாட்கள் அங்கே விடுதியில் தங்கி வேலை செய்துவிட்டு, பிறகு வீட்டுக்கு வருவேன். கணவர் படகு இயந்திரங்கள் திருத்துகிறவர். குறிகட்டுவான் துறையடிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலில் அவருடைய வேலைத்தளம். நான் கடலால் வந்து இறங்கும்போது கையில் எண்ணெய்க் கறுப்போடு துறையில் நிற்பார்.

மருந்தும் எண்ணெயும் இல்லாமல் நாடு தவித்த வருசத்துக்குப் பிறகு என்னோடு படித்த தாதிகள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நானும் இங்கிலிஷ் சோதனை எழுதி, அவுஸ்திரேலியாவில் ஒரு சிறு நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தேன். விசா எனக்குத்தான். கணவரும் மகளும் என்னோடு ஒட்டி வருகிறவர்கள். என்னுடையது மறுக்கப்பட்டால் மூவருடையதும் மறுக்கப்படும்.

அடுத்த கிழமை தனியாகக் கொழும்புக்குப் போனேன். புதிய எக்ஸ்ரேயை மருத்துவர் வெளிச்சப் பலகையில் மாட்டினார். வலது நுரையீரலின் மேற்பகுதியில், கழுத்தெலும்புக்குக் கீழே, மங்கலாக ஒரு நிழல். நோயாளிகளின் படங்களில் இப்படியான நிழல்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் "பயப்படாதேங்கோ, இப்ப நல்ல மருந்து இருக்கு" என்று சொல்லியும் இருக்கிறேன். என்னுடைய பெயர் எழுதிய படத்தைப் பார்த்தபோது அந்த வசனம் எனக்கே உதவவில்லை.

"பழைய தழும்பாகவும் இருக்கலாம். இப்போதைய காசநோயாகவும் இருக்கலாம். சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது" என்றார். இருமல் இருக்கிறதா, இரவில் வேர்க்கிறதா, உடம்பு மெலிந்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். சொல்லும்போதே போன மாதம் சட்டை தளர்வாக இருந்தது ஞாபகம் வந்தது.

மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றோடு போய்ச் சளி கொடுத்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முகக்கவசம் போட்ட ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்படி எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். உடனே பார்த்த சளியில் கிருமி தெரியவில்லை என்றார்கள். வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மாதம் செல்லும்.

ஊருக்கு வந்ததும் நெடுந்தீவு ஆஸ்பத்திரி மருத்துவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். என்னைவிட வயது குறைந்தவர்.

"சளியில கிருமி இல்லையெண்டால் மற்றாக்களுக்குத் தொத்துறது குறைவு அக்கா. எண்டாலும் முடிவு வருமட்டும் வார்ட்டுக்குப் போகவேண்டாம். மருந்துக் களஞ்சியத்தைப் பாருங்கோ. ஆருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை."

கடைசி வசனத்துக்காக அவரைக் கும்பிடவேண்டும் போல இருந்தது. எங்கள் தீவுகளில் ஒருத்திக்கு ரீபியாம், காசநோயாம் என்று கதை கிளம்பினால், அது அவளோடு நிற்காது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தள்ளி இருத்துவார்கள். கணவரின் கொட்டிலில் தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள் வரமாட்டார்கள்.

கணவரிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். விடுமுறையிலும் வேலை இருக்கிறது என்று சொல்லி நெடுந்தீவு விடுதியிலேயே தங்கினேன். வீட்டுக்கு வந்தால் முன்னறையில் தனியாகப் பாயைப் போட்டேன். எனக்கென்று ஒரு கோப்பையும் தட்டும் குசினியில் புறம்பாக வைத்துச் சுடுதண்ணீரில் கழுவினேன். மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அவள் தகப்பனிடம் போய், "அம்மாவுக்கு என்னில கோவமோ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது காதில் விழவில்லை. ஆனால் அவரும் மாறியிருந்தார். சாப்பாட்டில் குறை சொல்லுகிறவர் எதையும் சொல்லாமல் சாப்பிட்டார். நான் கதைத்தால் மட்டும் கதைத்தார். தூரமாகப் போகப்போகிறேன் என்ற தலைக்கனம் எனக்கு வந்துவிட்டதாக அவர் நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை மூவரும் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போனோம். சன்னதியில் நான் கண்ணை மூடி, எனக்கு என்ன வந்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று கேட்டேன். விசா ஞாபகத்துக்கே வரவில்லை. கண்ணைத் திறந்தபோது கணவர் இன்னும் கண்ணை மூடியபடி நின்றார். வாய் முணுமுணுத்தது. திரும்பும் படகில் ஒரு அக்கா, "என்ன, விசாவுக்கு நேர்த்திக்கடனோ?" என்று சிரித்தபடி கேட்டார். கணவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "ஓம் அக்கா" என்றார்.

மாரி தொடங்கியது. படகு ஓடாத நாட்கள் வந்தன. அப்படிக் கடல் குழம்பி நான் நெடுந்தீவில் அகப்பட்டிருந்த ஒரு நாள், கணவர் போன் எடுத்தார்.

"பிள்ளைக்கு இருமல். உம்மட்ட இருக்கிற அந்தச் சிவப்புப் பாணி மருந்து எங்க வைச்சிருக்கிறீர்?"

"எத்தினை நாளா இருமுறாள்?"

"ஒரு கிழமை இருக்கும். சாதாரண சளித் தடிமன்தான்."

காய்ச்சல் இருக்கிறதா, சாப்பிடுகிறாளா, வேர்க்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். "என்னப்பா, ஏன் அழுறீர்?" என்று அவர் கேட்டபோதுதான் நான் அழுவது எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள் கடல் இன்னும் அடங்கியிருக்கவில்லை. ஓடிய ஒரேயொரு படகில் நனைந்துகொண்டு வந்தேன். அலை படகைத் தூக்கிப் போடும்போது மற்றவர்கள் தெய்வங்களைக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்தக் கடல் பயமாகவே இருக்கவில்லை. அதற்கு என்னிடம் இடம் இருக்கவில்லை.

துறையில் கணவர் நின்றார். அவருடைய கொட்டிலுக்குள் போய் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நிழல், சளி, களஞ்சியம், தனிக் கோப்பை. பிள்ளைக்கும் நான்தான் கொடுத்திருப்பேன் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார்.

"அம்மனிட்ட நான் கேட்டது வேற" என்றார்.

"என்ன கேட்டனீங்கள்?"

"விசா வரக்கூடாது எண்டு."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"அங்க நான் ஆர்? எனக்கு இங்கிலிஷ் வராது. நீர் வேலைக்குப் போவீர், பிள்ளை பள்ளிக்கூடம் போகும். நான் யன்னலாலை பார்த்துக்கொண்டு இருக்கவேணும். இஞ்ச எந்த இயந்திரத்தையும் சத்தத்திலையே சொல்லிப்போடுவன். அங்க ஒரு கடையில சாமான் கேட்கவும் ஏலாது. பயமாக் கிடந்தது. உமக்குச் சொல்ல வெக்கமாயும் கிடந்தது. எப்பிடியாவது தடைபடட்டும் எண்டு கேட்டனான். அது உம்மட நெஞ்சுக்குள்ள போகும் எண்டு எனக்குத் தெரியாது."

தான் கேட்டதால்தான் இந்த நோய் வந்தது என்று அவர் உண்மையாகவே நம்பினார். "எக்ஸ்ரே எடுத்தது கோயிலுக்குப் போக முதல்" என்று நான் சொன்னேன். "அதுக்கு முதலே மனசுக்குள்ள கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்" என்றார். இவ்வளவு நாளும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

அன்றைக்கே மகளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். மண்டைதீவைத் தாண்டும் வரை பஸ்ஸில் அவள் இருமும் ஒவ்வொரு முறையும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அவளுடைய கையில் ஊசி போட்டு, தோல் தடிக்கிறதா என்று பார்க்க மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். அந்த மூன்று நாளும் அவளுடைய கையை நான் பார்த்த அளவுக்கு எதையும் வாழ்க்கையில் பார்த்ததில்லை. தோல் தடிக்கவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். மழைத் தடிமன்தான் என்றார்கள்.

என்னுடைய முடிவு அதற்குப் பிறகு சில கிழமைகளில் வந்தது. கிருமி வளரவில்லை. பழைய தழும்பு. எங்கேயிருந்து வந்தது என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். சண்டைக்குள் வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எனக்கு மாதக்கணக்கில் இருமலும் காய்ச்சலும் இருந்தது என்றார். "ஆஸ்பத்திரியும் எங்களோட இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. பேந்து தன்ரபாட்டில சுகமாகிட்டுது" என்றார். என்னை எந்தக் குண்டும் தொடவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

விசா வந்த அன்று யாரும் துள்ளவில்லை. கணவர் அதை என்னுடைய போனில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். "நீங்கள் வேண்டாம் எண்டால் நாங்கள் போகத் தேவையில்லை" என்றேன். மனதாரச் சொன்னேனா என்று இன்றைக்கும் தெரியாது. அவர் வெளியே போய், கன நேரம் கழித்து வந்தார். "போவம். ஆனா எனக்குப் பயமாக் கிடக்கேக்க நான் சொல்லுவன். நீர் அலுக்கக்கூடாது" என்றார்.

விசாவோடு ஒரு நிபந்தனையும் வந்தது. அங்கே போய் இறங்கியதும் நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் என்னைப் பதிந்து, திரும்பவும் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். கட்டுநாயக்காவில் விமானம் ஏறும்போதும் எனக்கு அதே நினைப்புத்தான். அங்கே இருக்கிற மருத்துவர் வேறு மாதிரிச் சொன்னால்? இடைப்பட்ட மாதங்களில் அந்த நிழல் வளர்ந்திருந்தால்?

வளரவில்லை. அங்கே ஒரு பெண் மருத்துவர் என்னுடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று காட்டினார். அடுத்த வருசம் இன்னொரு முறை வரச் சொன்னார். முதியோர் இல்லத்தில் வேலை தொடங்கினேன். முதல் நாட்களில், நான் தூக்கி இருத்தும் கிழவர்களில் யாராவது இருமினால் நான் என் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

கணவர் பல மாதம் வீட்டில் இருந்தார். சந்தேகமாக இருந்த இங்கிலிஷ் சொற்களை மகளிடம் கேட்டுக் கேட்டுப் படித்தார். பிறகு உழவு இயந்திரங்கள் திருத்தும் ஒரு கராஜில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுத் தானே போய் நின்றார். வேலை தொடங்கிய முதல் நாள் மத்தியானம் எனக்குப் போன் எடுத்தார். நான் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் நின்றேன்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. சாப்பிடுற நேரம். எல்லாரும் சுத்தி இருந்து கதைச்சுச் சிரிக்கினம். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. பயமாக் கிடக்கு, அதுதான் எடுத்தனான்."

"இப்ப எங்க நிக்கிறியள்?"

"வெளியில, ஒரு உழவு இயந்திரத்துக்குப் பின்னால."

"வைக்காதேங்கோ" என்றேன். நானும் என் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அவருடைய கராஜில் மணி அடிக்கும் வரை இருவரும் போனைக் காதில் வைத்தபடி சாப்பிட்டோம்.