ஆடியில் வந்த காலண்டர்

மற்ற ஊர்களுக்குப் புது வருடம் ஜனவரியில் பிறக்கும். திருத்தங்கலில் எங்கள் தெருவுக்கு அது ஆடி மாதமே வந்துவிடும். ஆடிப் பதினெட்டு அன்று அச்சகங்களில் பூஜை போட்டு அடுத்த வருடத்துக் காலண்டரை வெளியிடுவார்கள். அப்பாவுக்கு அப்படியொரு அச்சகத்தில் பைண்டிங் வேலை. அன்று சாயங்காலம் பூந்திப் பொட்டலத்தோடு ஒரு தினசரி காலண்டரும் வீட்டுக்கு வரும். நடப்பு வருடத்தை ஓட்டவே வழியைக் காணோம், அதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது என்று அலுத்துக்கொண்டே அம்மா அதைப் பீரோவுக்கு மேல் போட்டுவைப்பாள்.

தெருவின் கடைசி வீடு மாரீஸ்வரியுடையது. நானும் அவளும் ஒரே வகுப்பு. அவளுடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நான் மாரியைக் கூப்பிடப் போனால், கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் அத்தை சுவர்க் காலண்டரில் முந்தின நாளைக் கிழித்துவிட்டு என்னை வாசிக்கச் சொல்வாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாரி வாசித்தால் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

"எனக்கு என்ன போட்ருக்கு தாயி?" என்பாள்.

ஒவ்வொரு ராசிக்கும் ஒரே ஒரு சொல்தான் இருக்கும். சிம்மத்துக்கு வரவு, நன்மை என்றிருந்தால் சிரித்துக்கொண்டே வேன் ஏறுவாள். தடை, கவலை என்றிருந்தால் அச்சடித்தவனைத் திட்டுவாள். அச்சடித்தவன் என்றால் அது என் அப்பாதான். நாளைக்காவது நல்லதாக அடிக்கச் சொல் என்று என்னிடம் தூது வேறு விடுவாள். தன்னுடைய ராசியையும் வாசிக்கச் சொல்லி மாரி கேட்டால், பள்ளிக்கூடம் போகிற கழுதைக்கு ராசி ஒரு கேடா என்று ஒரே விரட்டு.

அத்தை படுக்கையில் விழுந்ததற்கு முந்தின தீபாவளிக்கு முன்பே அவளுக்கு அடிவயிற்றில் வலி இருந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் சீசன் நேரத்தில் யாருக்கும் நோய் வரக் கூடாது. வந்தாலும், சீசன் முடியட்டும் பார்ப்போம் என்று அதனிடம் தவணை சொல்வார்கள். அத்தையும் சொன்னாள். தீபாவளி முடிந்ததும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். கம்பெனி திறந்ததும் திரும்பவும் வேன் ஏறிவிட்டாள். கோடையில் ஒருநாள் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே சுருண்டு விழுந்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

மாரியைப் பார்த்துக்கொள்ள அவளுடைய பெரியம்மா வந்தாள். நான் தினமும் காலையில் போய் மாரிக்குச் சடை பின்னிவிட்டேன். அவளுடைய வீட்டுப்பாடத்தையும் சேர்த்து எழுதினேன். அவள் பேசுவதே குறைந்துபோயிற்று. காலண்டரை மட்டும் ஒருவரையும் தொடவிடவில்லை. அம்மா வந்து கிழிக்கட்டும் என்றாள். அது வைகாசியிலேயே நின்றுபோனது.

ஆடி பிறந்ததும் அத்தையை வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள், ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்கும் மாரிக்கும் தலைகால் புரியவில்லை. எங்களுக்குக் காய்ச்சல் கண்டால் ரசஞ்சோறுதான். கேட்டதெல்லாம் கிடைக்கிறது என்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? தெருப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து வந்து பார்த்துவிட்டுப் போனது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான், அப்பா கொண்டுவந்த காலண்டரை அம்மாவின் கண்ணில் படுவதற்குள் எடுத்துக்கொண்டு மாரி வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை கட்டிலில் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தாள். பக்கத்தில் மாரி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் காலண்டரை அத்தையின் கையருகில் வைத்து, அடுத்த வருடத்துக்கானது, ஊரிலேயே முதல் காலண்டர் உங்களுக்குத்தான் என்று பெருமையாகச் சொன்னேன். பெரியம்மா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா? எந்த வீட்டுல எதைக் கொண்டாந்து குடுக்க?"

நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை கையை நீட்டினாள்.

"விடுக்கா. சின்னப்புள்ள ஆசையா கொண்டாந்திருக்கு."

பெரியம்மா காலண்டரைக் கட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தை புதுத் தாள்களை விரலால் நெருடிப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னாள். நான் வழக்கம்போல சிம்மத்தைத் தேடினேன்.

"எனக்கு வேண்டாம் தாயி. மாரிக்கு வாசி."

மாரிக்குக் கன்னி. முதல் தாளில் 'கவலை' என்று இருந்தது. ஏனோ எனக்கு அதை வாசிக்க மனம் வரவில்லை, 'நன்மை' என்றேன். அடுத்தது, அடுத்தது என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். பொங்கலுக்கு வாசித்தேன். பரீட்சை நடக்கும் மாதத்துக்கு வாசித்தேன். மாரி உரித்த பழத்தை யாருக்கும் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு தன் ராசியைக் கேட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

கடைசியில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருசமும் காலைல இங்கன வருவீல்ல?"

இதென்ன கேள்வி என்றிருந்தது எனக்கு. "வராம? நீங்க வேன் ஏறுறதுக்கு முன்னாடியே வந்துருவேன்" என்றேன். அடுப்படியில் பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

புரட்டாசியில் அத்தை போய்விட்டாள். ஜனவரியிலிருந்து மாரி தேதி கிழிக்க, நான் கன்னிக்கு வாசித்துவிட்டு அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனேன்.

ஆனால் அந்த ஆடிப் பதினெட்டு சாயங்காலம் எனக்கு அத்தை மேல் சின்ன வருத்தம் இருந்தது. ஜனவரி முதல் தேதியில் சிம்மத்துக்கு 'வரவு' என்று போட்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள், வேண்டாம் என்கிறாளே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.