அவர் பெயரில் வந்த சரக்கு

செங்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஒரு வியாபாரி கேட்டதற்காக, நெல்லிவாசல்நாட்டு விவசாயி ஒருவரிடம் மானியம் என்று பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கி, அவர் பெயரில் இறக்குமதிப் பதிவு எடுத்துக் கொடுத்தேன். மறு வருஷம் சுங்கத்துறை நோட்டீஸோடு அவர் என்னிடமே வந்தார்.

"இன்னா சார் போட்டிருக்குது?"

வியாபாரி தலைமறைவு. விலையைக் குறைத்துக் காட்டி அவன் இவர் பெயரில் இறக்கிய சரக்குக்குச் சட்டப்படி இவர்தான் பொறுப்பு. வரியும் அபராதமும் கட்டாவிட்டால் நிலம் ஜப்தியாகும். படித்துச் சொன்னேன்.

"நான் கடலே பாத்ததில்ல சார்," என்றார். "உங்கள வுட்டா யார் இருக்காங்க? எதனா எழுதிக் குடுங்க."

பதில் மனு எழுதினேன். ஏமாற்றியவர் என்று வியாபாரியை மட்டும் குறிப்பிட்டேன். பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியது நான் என்று என் பெயரையும் எழுதியிருந்தால், அந்த நிலம் இன்று அவரிடம் இருந்திருக்கலாம்.