கடலுக்கு முதுகு காட்டி நின்றவர்

லிஃப்ட் மேலே ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். சிங்கப்பூர்க்காரர்கள் பேசாமல் எச்சிலை விழுங்கிக்கொள்கிறார்கள். வந்து ஒரு வருடமாகியும் நான் மட்டும் விரலை விட்டுக் குடைகிறேன். யுத்தத்துக்கு முன்பே கட்டிய பதினாறு மாடிக் கட்டடம். உச்சியில் நின்றால் கடல்வரைக்கும் ஊர் முழுதும் தெரியும்; ஒரு சத்தமும் கேட்காது. எங்கள் காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரிக்காரர் சாமிநாதன் அண்ணன் அங்கிருந்து படம் பிடித்துக் கப்பல்காரர்களுக்கு விற்கிறார். கேமராப் பெட்டியும் முக்காலியும் சுமப்பது என் வேலை. காரைக்காலில் நான் ஏறிய அதிக உயரம் தென்னைமரம்.

ஒரு படத்தை ஊரிலிருக்கும் என் அக்காவுக்கு, ராத்தாவுக்கு, அனுப்பினேன். அவள் புருஷன், என் மச்சான், ஜப்பான்காரன் வருவதற்கு முன் இங்கே வந்தவர். அப்புறம் கடிதமே இல்லை. பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தவளுக்கு இப்போதுதான் பெரியவர்கள் பேசி வேறு நிக்காஹ் முடிவு செய்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவள் கடிதம் வந்தது. "படத்துல கீழ் மூலையில ஒரு மொட்டைமாடி இருக்கு. அதுல ஒரு ஆளு கடலுக்கு முதுவு காட்டித் தொழுவுறாங்க. நல்லாப் பாரு தம்பி. நீ எழுதுற வரைக்கும் நிக்காஹ் வேணாம்னுட்டேன்."

எங்கள் ஊரில் கடல் கிழக்கே. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் தொழுகைக்கு மேற்குத் திசை சரியாக இருக்கும். சின்ன வயதில் அப்படித்தான் பழகினோம். இங்கே கடல் தெற்கே. வந்த புதிதில் நானும் அந்தப் பழக்கத்தில் வடக்கு பார்த்து நின்றேன். ஒரு மலாய்க்காரர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். நம் கரைக்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

எங்களிடமிருந்த பிரதியின் மேல் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ஆள் இருந்தார். கை கட்டி, முகம் எங்கள் பக்கமாக.

"ஏன் பாய், நம்மளப் பாத்தா கும்புடுறான்?" என்று சிரித்த அண்ணன், பழைய படங்களையும் எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே மாடி, அதே ஆள். அப்புறம் அவர் சிரிக்கவில்லை. மறுநாள் மேலே போய் வெறுங்கண்ணால் பார்த்தேன். மாடி காலியாக இருந்தது. அண்ணன் படம் எடுத்தார். கழுவியதும் அதில் அந்த ஆள் நின்றார்.

அந்த வீட்டைத் தேடிப் போனேன். குண்டு விழுந்து பாதி எரிந்த கட்டடம். கீழே ஒரு சீனத்து அம்மாள் கரி விற்றுக்கொண்டிருந்தாள். மேலே யாரென்று தெரிந்த மலாயில் கேட்டேன். வாடகைக்கு இடம் கேட்கிறேன் என்று நினைத்து, "கோசோங், கோசோங்" என்றாள். காலி என்று அர்த்தம். படிக்கட்டே இல்லை, மூங்கில் ஏணி ஒன்றைச் சாத்திவிட்டாள். மேலே எங்கும் பாசி. நடுவில் இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் சுத்தமாக இருந்தது. விரல் பக்கம் வடக்கே. நான் அதில் கால் வைக்கவில்லை.

உயிரோடு இருந்தும் கடிதம் போடாதவராகட்டும், மௌத்தாகியும் போய்ச் சேராதவராகட்டும், ராத்தா இனி அவருக்காகக் காத்திருக்கக் கூடாது என்று பட்டது. "அது நான்தான் ராத்தா. திசை தெரியாமல் நின்றுவிட்டேன்" என்று எழுதிப் போட்டேன்.

நிக்காஹ் நடந்தது. பிறகு ஊரிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே ஒரு வரி எழுத்தும் இல்லை. படத்திலிருந்து அந்த மாடியை மட்டும் கத்தரித்து அனுப்பியிருந்தாள். நான் லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. அண்மையில் வந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார், மிச்சப் படம் இன்னும் எங்கள் வீட்டில்தான் மாட்டியிருக்கிறதாம். இத்தனை கட்டடத்துக்கு நடுவே நகத்தளவு ஓட்டை. அதன் வழியாகக் காரைக்கால் சுவரின் சுண்ணாம்பு தெரிகிறதாம்.